புள்ளி விழாத குற்றம்

கொல்லிமலைக்கு இந்தப் பக்கம் தம்மம்பட்டி. அந்தப் பக்கம் சேந்தமங்கலம். தம்மம்பட்டி என்றதும் மரச் சிற்பங்கள் நினைவுக்கு வரும். சேந்தமங்கலத்துக்கோ வேறொரு பெருமை உண்டு. 1623-ஆம் ஆண்டில் காவியுடுத்த ஐரோப்பியச் சந்நியாசி ஒருவர், மதுரையிலிருந்து திருச்சி வழியாக அவ்வூருக்கு வந்து, பிறகு சேலத்துக்குப் போனார். சேலத்தில் முதலில் அவருக்கு யாரும் வீடு கொடுக்கவில்லை. சத்திரத்தில் தங்கி நோயுற்றுக் கிடந்தார். ராபர்ட் டி நொபிலி என்ற அவரைத் தமிழர் தத்துவ போதகர் என்று அழைத்தனர்.

அவருடைய காவியையும், ஒருவேளை உணவையும், வடமொழிப் புலமையையும் பலர் வியந்திருக்கிறார்கள். நாம் இங்கே பார்க்க வேண்டியது, யாரும் காணாமல் அவர் செய்யவேண்டியிருந்த காரியத்தை.

நொபிலி சேசு சபைத் துறவி. அச்சபையைக் கண்ட இஞ்ஞாசியாரின் ஆன்மப் பயிற்சி நூலுக்கு 1548-இல் போப்பாண்டவர் ஒப்புதல் அளித்தார். அதில் விசித்திரமான கணக்கு ஒன்று உண்டு. ஒழிக்க விரும்பும் ஒரே ஒரு குற்றத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். காலையில் எழுந்ததும் அதைப் பற்றி உறுதி செய்துகொள்ள வேண்டும். மதியம் ஒருமுறை, இரவு ஒருமுறை, எத்தனை தடவை வழுக்கினோம் என்று எண்ணி, கோடு கிழித்துப் புள்ளி வைக்க வேண்டும். நேற்றைவிட இன்று குறைந்ததா, போன வாரத்தைவிட இந்த வாரம் குறைந்ததா என்று ஒப்பிட வேண்டும். மளிகைக் கடைக்குப் பேரேடு இருப்பதுபோல ஆத்மாவுக்கும் ஒரு பேரேடு!

இத்தகைய மனச்சோதனை துறவிகளோடு நின்றுவிடவில்லை. பாவசங்கீர்த்தனம் செய்யப் போகிறவனுக்கு வழிகாட்டும் நூல் ஒன்றை என்றிக்கஸ் பாதிரியார் 1580-லேயே கொச்சியில் தமிழில் அச்சிட்டார். தமிழில் முதன்முதலாக அச்சேறிய சில நூல்களுள் மனச்சோதனைக்கும் ஒன்று இருந்தது என்பது யோசிக்கத் தக்க விஷயம்.

நொபிலி வைத்த புள்ளிகள் அவருக்கும் ஆண்டவனுக்கும் மட்டுமே வெளிச்சம். வெளியுலகம் கண்டது வேறு. 1611-இல் தம் வீட்டு வாசலில் ஓர் அறிக்கை வைத்தார்: தாம் பரங்கி அல்ல, ரோமாபுரியில் உயர்குலத்தில் பிறந்தவர். அதில் பொய் இல்லை. ஆனால் பரங்கி மார்க்கத்தார் என்று இகழப்பட்ட முத்துக்குளித்துறைக் கிறிஸ்தவர்கள் அந்த வாசலுக்கு வெளியே நின்றார்கள். பூணூலுக்கும் குடுமிக்கும் 1623 ஜனவரியில் ரோமாபுரி அனுமதி தந்தது. தாழ்த்தப்பட்டவர்களைப் பகலில் பலரறிய அணுகுவதோ அவருக்கு இயலாத காரியமாகவே இருந்தது. 1640-இல் அவர்களுக்கென்று பண்டாரசாமிகள் என்ற தனிவகைக் குருமார் ஏற்பட்டனர்.

நொபிலியைக் குறை கூறுவது சுலபம். சொந்த நாட்டையும் செல்வத்தையும் துறந்து, கண் மங்கி, 1656-இல் மயிலாப்பூரில் உயிர் விட்டவர் அவர். அப்படிப்பட்டவரும் அன்றாடம் உள்ளத்தைத் துழாவும் ஒரு முறையைக் கையில் வைத்துக்கொண்டே சாதிச் சுவரோடு சமாதானம் செய்துகொண்டார் என்றால், மற்றவர் கதியைச் சொல்ல வேண்டுமா?

கோபம், பொய், பொறாமை இவற்றை நாமே கண்டுபிடித்துவிடலாம். அவை நமக்கே உரியவை. ஊரோடு சேர்ந்து செய்யும் குற்றம் குற்றமாகவே தோன்றுவதில்லை. ஆசாரம் என்ற பெயரில் கௌரவமாக உலவுகிறது. அதற்குப் புள்ளி வைக்க நம் ஏட்டில் கோடே இராது. அந்தக் கோட்டைக் கிழித்துக் காட்டக் கூடியவர், வாசலுக்கு வெளியே நிற்கும் மனிதர்தாம். அவரை உள்ளே அழைத்துக் கேட்காதவரை நம் மனச்சோதனை பாதிச் சோதனையே.