தெருவின் கேள்விகளும் பல்கலைக்கழகப் பாடமும்

பெண்களின் நிலையை ஆராய்வதற்காக இந்திய அரசு 1971-இல் ஒரு குழு அமைத்தது. தலைவர் புல்ரேணு குகா. பின்னர் உறுப்பினர் செயலராக வந்தவர் வீணா மஜும்தார். பாட்னாவிலும் பெர்ஹாம்பூரிலும் அரசியல் அறிவியல் கற்பித்தவர் அவர். 1974 டிசம்பர் கடைசியில் குழு தந்த ‘சமத்துவத்தை நோக்கி’ என்ற அறிக்கை, அதை எழுதியவர்களையே உலுக்கியது. 1901-இல் ஆயிரம் ஆண்களுக்கு 972 பெண்கள் இருந்த நாட்டில், 1971-இல் 930 பேர்தான் இருந்தார்கள். சுதந்திரம் வந்து கால் நூற்றாண்டு கடந்தும் பெண்களின் எண்ணிக்கை விகிதம் சரிந்திருந்தது. உழைப்பாளர் தொகையிலும் அவர்கள் பங்கு சுருங்கியிருந்தது. அரசியல் சட்டம் தந்த சமத்துவத்தைப் பெருமையோடு பாடம் நடத்திய ஒரு தலைமுறை, தன் வகுப்பறை எதையெல்லாம் பார்க்கத் தவறியது என்பதை அப்போதுதான் கண்டது.

இந்தியாவில் மகளிரியல் வளர்ந்த விதத்தைப் புரிந்துகொள்ள இந்த அதிர்ச்சியிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆசிரியர்கள் தாங்கள் கற்ற பாடத்தையே சந்தேகித்ததால் வளர்ந்த துறை இது.

அறிக்கை வெளிவரும் முன்பே பம்பாயில் விதை விழுந்திருந்தது. சமூக சீர்திருத்தவாதி கார்வே 1916-இல் நிறுவிய எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தில், சமூகவியல் பேராசிரியர் நீரா தேசாய் 1974-இல் பெண்கள் பற்றிய ஆய்வு மையம் ஒன்றைத் தொடங்கினார். அங்கேதான் 1981 ஏப்ரலில் முதல் தேசிய மகளிரியல் மாநாடு கூடியது. தனித் துறையாக ஒதுங்கினால் மற்ற துறைகள் மாறாமலே இருந்துவிடும் என்ற கவலை அங்கு வலுவாக ஒலித்தது. பொருளாதாரமும் வரலாறும் சட்டமும் பெண்ணின் வாழ்க்கையைக் கணக்கில் கொண்டு திருத்தி எழுதப்பட வேண்டும் என்பதே அங்கு கூடியவர்களின் பெரிய ஆசை. அடுத்த ஆண்டே இந்திய மகளிரியல் சங்கம் உருவானது.

சட்டத் துறையில் இந்த ஆசை எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதை மதுரா வழக்கு காட்டியது. 1972-இல் மகாராஷ்டிரத்தின் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்தில் மதுரா என்ற பழங்குடிச் சிறுமி பாலியல் வன்முறைக்கு ஆளானாள். உயர் நீதிமன்றம் தண்டித்த இரண்டு காவலர்களையும் 1978-இல் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. அவள் உடலில் காயம் இல்லை, ஆகவே எதிர்க்கவில்லை, ஆகவே சம்மதித்தாள் என்று போனது தீர்ப்பின் தர்க்கம். 1979 செப்டம்பரில் உபேந்திர பக்ஷி, லதிகா சர்க்கார், ரகுநாத் கேல்கர், வசுதா தாகம்வார் என்ற நான்கு சட்ட ஆசிரியர்கள் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினார்கள். பணிந்துபோவதும் சம்மதிப்பதும் ஒன்றல்ல என்பது அதன் மையம். இவர்களில் லதிகா சர்க்கார், ‘சமத்துவத்தை நோக்கி’ அறிக்கையைத் தந்த குழுவில் இருந்தவர். தில்லிப் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் சட்டம் கற்பித்தவர்.

அந்த மடல் பெண்கள் அமைப்புகளின் கைக்குப் போனது. 1980 மார்ச் 8 அன்று பல நகரங்களில் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். 1983-இல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் நடக்கும் வன்புணர்ச்சி தனிக் குற்றமானது. அத்தகைய வழக்கில் உடலுறவு நடந்தது நிரூபணமாகி, தான் சம்மதிக்கவில்லை என்று பெண் நீதிமன்றத்தில் சொன்னால், அவள் சம்மதிக்கவில்லை என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்ற விதி வந்தது. பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடுவதும் குற்றமாக்கப்பட்டது. கற்பித்தல், ஆய்வு, போராட்டம் என்று மூன்றாகப் பிரித்துச் சொல்கிறோமே, இங்கே எது எங்கே முடிகிறது?

வீணா மஜும்தாரும் சகாக்களும் 1980-இல் தில்லியில் தொடங்கிய மகளிர் மேம்பாட்டு ஆய்வு மையமும் நூலகத்துக்குள் அடங்கவில்லை. மேற்கு வங்கத்தின் பாங்குரா மாவட்டத்தில், பிழைப்புக்காக ஆண்டுதோறும் ஊரைவிட்டுப் போன ஏழைப் பெண்களோடு அது வேலை செய்தது. அவர்கள் சங்கம் அமைத்து, தரிசு நிலத்தில் மரம் வளர்த்து, டஸர் பட்டுப்புழு வளர்ப்பில் இறங்கினார்கள்.

தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான ஒரு கண்ணியும் உண்டு. ‘அம்பை’ என்று நாம் அறிந்த சி.எஸ். லக்ஷ்மி, நீரா தேசாய், மைத்ரேயி கிருஷ்ணராஜ் ஆகிய மூவரும் சேர்ந்து 1988-இல் பம்பாயில் ‘ஸ்பாரோ’ ஆவணக் காப்பகத்தைத் தொடங்கினார்கள். பெண்களின் குரலையும் படங்களையும் சேகரித்து வைக்கும் இடம் அது.

ஆனால் இந்தத் துறை யாருடைய அனுபவத்தைப் ‘பெண்’ அனுபவம் என்று கொண்டது? 1990-களில் தலித் பெண்கள் தங்களுக்கான அமைப்புகளோடு எழுந்து இந்தக் கேள்வியைக் கேட்டார்கள். புனே பல்கலைக்கழகத்தில் சாவித்திரிபாய் பூலே பெயரைத் தாங்கிய மகளிரியல் மையத்தில் பணியாற்றிய ஷர்மிளா ரேகே, 1998-இல் எழுதிய கட்டுரையில், அந்தக் கேள்வியை எதிர்கொள்வதைத் தன்னைப் போன்ற தலித் அல்லாத பெண்ணியர்களின் பொறுப்பாகவே ஏற்றார். தலித் பெண்களின் தன்வரலாறுகளை அறிவாகப் படிக்க வேண்டும் என்று அவர் 2006-இல் வெளியிட்ட நூல் வாதிட்டது. என் பார்வையில், 1974-க்குப் பிறகு இந்தத் துறை பெற்ற மிக முக்கியமான திருத்தம் இது. 2013-இல் ரேகே மறைந்தார்.

1980-களின் நடுவிலிருந்து பல்கலைக்கழக மானியக் குழு மகளிரியல் மையங்களுக்கு நிதி தந்து, அவை நாடெங்கும் பரவின. தமிழ்நாட்டில் 1984-இல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகமே உருவானது. ஆனால் மானியக் குழுவின் மையங்களில் பெரும்பாலானவை ஐந்தாண்டுத் திட்ட நிதியை நம்பி, ஒப்பந்த ஆசிரியர்களைக் கொண்டு ஓடின. 2017 மார்ச்சில் பன்னிரண்டாம் திட்டம் முடிந்தபோது, மையம் நீடிக்குமா என்று தெரியாமல் ஆசிரியர்கள் தவித்தார்கள். நாற்பது ஆண்டுகள் உழைத்துச் சட்டத்தையே மாற்றிய ஒரு துறையின் ஆசிரியர்களை இப்படி ஆண்டுக்காண்டு காத்திருக்க வைத்தது நியாயமே இல்லை. நிரந்தரப் பணியிடங்களைப் பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்த வரவுசெலவில் கொண்டுவர வேண்டும் என்று மகளிரியல் ஆசிரியர்கள் கேட்டுவருவது அதனால்தான்.