சரக்குக் கப்பலின் போர்க்கோலம்

இரண்டாவது உலகப் போரின் கடல் வரலாற்றிலே ‘அட்லாண்டிஸ்’ என்னும் ஜேர்மன் கப்பலுக்குத் தனிப்புகழ் உண்டு. அப்புகழைச் சற்றே கிளறிப் பார்ப்பது நமது கடமையாகிறது.

1937இல் பிறேமனில் கட்டப்பட்ட அதன் இயற்பெயர் ‘கோல்டன்பெல்ஸ்’. இந்தியத் துறைமுகங்களோடு வாணிபம் செய்த ஹன்சா கம்பனியின் சரக்குக் கப்பல், 7,862 தொன். போர் மூண்டதும் நாஜிக் கடற்படை அதனைக் கைக்கொண்டு, ஆறு 150 மில்லிமீற்றர் பீரங்கிகளைப் பொருத்தி, மடிப்புக் கதவுகளால் மறைத்தது. வடகடலில் அது சோவியத் கப்பல். தென் அத்லாந்திக்கில் யப்பானிய ‘கசீ மாரு’. பெண்வேடமிட்ட மாலுமிகளும் குழந்தை வண்டியும் மேற்றளத்தில் உலாவின! வாணிபக் கப்பலை வேட்டையாட வாணிபக் கப்பலே பார்வை மிருகமாயிற்று.

1940 மே முதல் 22 கப்பல்கள், ஏறத்தாழ 1,45,000 தொன், அதற்கு இரையாயின. ‘ஒட்டோமெடன்’ கப்பலிற் கிடைத்த பிரித்தானிய இரகசிய ஆவணங்கள் யப்பானுக்குப் போய்ச் சேர்ந்தன. கப்டன் ரொகேயின் பெருந்தன்மையை எதிரிகளே மெச்சினர். ஆயின், பிடிபட்ட பிரித்தானியக் கப்பல்கள் பலவற்றில் உழைத்தவர் யார்? லஸ்கார்கள் எனப்பட்ட இந்திய மாலுமிகள். வெள்ளை மாலுமியின் கூலியிற் சிறு பங்கே பெற்று, கொதிகலன் வெக்கையிற் கரி வாரியவர்கள். 1939இல் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தஞ் செய்தபோது இவர்களிற் பலரை பிரித்தானியா சிறையிலிட்டது. பாசிசத்தை எதிர்த்த போரின் முதல் மாதங்களில் நிகழ்ந்தது இது என்பதை நாம் மறத்தலாகாது.

அட்லாண்டிஸ் கைப்பற்றிய நோர்வேக் கப்பல் ‘திரன்னா’. லஸ்கார்கள் உட்பட 250க்கு மேற்பட்ட கைதிகளை ஏற்றி, பிரான்சுக்கு அனுப்பினர். பெண்களும் குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர். 1940 செப்டெம்பர் 22இல், ஜிரோந்து முகத்துவாரத்தை அணுகிக் கரை சேரும் வேளையிலே, அக்கப்பலைத் தாக்கி மூழ்கடித்தது பிரித்தானிய நீர்மூழ்கியான ‘டூனா’. உள்ளே இருப்போர் யாரென அது அறியவில்லை. 80க்கு மேற்பட்டோர் மாண்டனர். பகைவன் சிறைப்பிடித்தான்; எவருடைய சரக்கைச் சுமந்தார்களோ அவருடைய கடற்படையே கொன்றது.

1941 நவம்பர் 22இல், நீர்மூழ்கிக்கு எண்ணெய் வழங்கிக்கொண்டிருந்த அட்லாண்டிஸை ‘டெவன்சயர்’ கண்டு சுட்டது. அதன் மாலுமிகளே கப்பலை மூழ்கடித்தனர். ரொகேக்கு யப்பான் வாளொன்றைப் பரிசளித்தது. 1957இல் மேற்கு ஜேர்மனி மீண்டும் அட்மிரல் பதவி தந்தது. அப்போரில் இந்திய வாணிபக் கடலோடிகள் 6,000க்கு மேற்பட்டோர் இறந்தனர். இலண்டன் தவர் ஹில்லில் வாணிபக் கடலோடிகளின் பெயர்கள் வெண்கலத்திற் பொறிக்கப்பட்டுள்ளன. இவர்களுடைய பெயர்கள் மும்பாயிலும் சிட்டகொங்கிலும் ஏடுகளில் உள்ளன.