பேரம் பேசி வாங்கிய தண்டனைக்கு அப்பீல் உண்டா?

முதுநகர் மீன் மார்க்கெட்டில் பேரம் பேசலாம். கோர்ட்டில்? முன்பெல்லாம் கூடவே கூடாது. ஆனாலும் நடந்தது. திப்பேசாமி வழக்கையே பாருங்கள். அபராதத்தோடு விட்டுவிடுவார்கள் என்று நம்பிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மேல்கோர்ட்டோ ஜெயில் தண்டனை கொடுத்துவிட்டது! ஆசை காட்டி ஒப்புக்கொள்ள வைத்துவிட்டு அப்புறம் தண்டனையைக் கூட்டுவது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவுக்கு விரோதம் என்று 1982-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது.

2006 ஜூலை 5 முதல் பேரமே சட்டமாகிவிட்டது (ஏழு வருடத்துக்கு மேல் ஜெயில் தரக்கூடிய குற்றங்களுக்குக் கிடையாது). அந்தத் தீர்ப்புக்கு அப்பீல் இல்லை. சுப்ரீம் கோர்ட்டில் சிறப்பு அனுமதி மனு, ஹைகோர்ட்டில் ரிட், அவ்வளவுதான். 2024-ல் வந்த புதுச் சட்டத்திலும் இதே கதை.

காமர்ஸ்காரன் கண்ணுக்கு இது ஒரு ஒப்பந்தம். ஆனால் ரிமாண்டில் கிடப்பவன் கொடுப்பது சம்மதமா? அதற்குத்தான் நீதிபதி எதிர்த்தரப்பை வெளியே அனுப்பிவிட்டு, அவனைத் தனியாக விசாரிக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள்.