புளோரிடாவின் கூரையும் மூன்று விதிகளும்

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் புயலால் சேதமுற்ற வீட்டுக் கூரைகளைச் செப்பனிடும் தொழில், 2010ஆம் ஆண்டுக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் கொத்தனும் தச்சனும் செய்யும் வேலை என்ற நிலையைக் கடந்து, பெருமளவுக்கு நீதிமன்றத்தை நம்பி நடக்கும் தொழிலாக மாறியது. கூரை ஒப்பந்தக்காரர்களின் பேராசையே இதற்குக் காரணம் என்று காப்பீட்டு நிறுவனங்கள் ஓயாமல் சொல்லி வந்தன. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. எனினும், வெவ்வேறு காலங்களில், ஒன்றோடொன்று தொடர்பின்றி, நல்ல நோக்கத்துடனேயே பிறந்த மூன்று விதிகள் ஒரே கூரையின் மேல் வந்து கூடியிராவிட்டால் அந்தப் பேராசைக்கு வேலையே இருந்திராது.

முதல் விதி 1893இல் வந்தது. இழப்பீடு தர மறுக்கும் காப்பீட்டு நிறுவனத்தின் மேல் பாலிசிதாரர் வழக்குத் தொடுத்து வென்றால், அவருடைய வழக்கறிஞர் கட்டணத்தையும் நிறுவனமே செலுத்த வேண்டும் என்றும், அவர் தோற்றாலோ நிறுவனத்தின் கட்டணத்தை அவர் செலுத்த வேண்டியதில்லை என்றும் வகுத்த சட்டம் அது. பெருநிறுவனத்தோடு மோதும் எளியவருக்குத் துணை நிற்பதே அதன் நோக்கம். இரண்டாவது, மாநில உச்ச நீதிமன்றம் 1917இல் ஒரு மளிகை வணிக நிறுவனத்தின் தீக்காப்பீட்டு வழக்கில் அளித்த தீர்ப்பு. பாலிசியை இன்னொருவருக்கு மாற்றக் காப்பீட்டு நிறுவனத்தின் இசைவு தேவை என்றாலும், இழப்பு நேர்ந்த பின் எழும் தொகையைப் பெறும் உரிமையை மட்டும் பிறருக்கு எழுதிக் கொடுக்க அவ்விசைவு தேவையில்லை என்று அத்தீர்ப்பு கூறியது. இந்த எழுதிக் கொடுத்தலே பின்னாளில் 'இழப்பீட்டு உரிமை மாற்றம்' என்ற பெயரில் மாநிலத்தையே உலுக்கியது.

மூன்றாவது விதிக்குப் பின்புலமாக நிற்பது ஆண்ட்ரூ புயல். 1992 ஆகஸ்ட் 24ஆம் நாள் மயாமிக்குத் தெற்கே ஹோம்ஸ்டெட் பகுதியைத் தாக்கிய அப்புயல், காப்பீட்டு நிறுவனங்களுக்கு மட்டும் சுமார் 1,550 கோடி டாலர் இழப்பை ஏற்படுத்தியது. பதினொரு நிறுவனங்கள் திவாலாயின. தென் புளோரிடாவில் 1957 முதலே நடைமுறையில் இருந்த கட்டட விதித்தொகுப்பு நாட்டிலேயே கடுமையானவற்றுள் ஒன்றாக மதிக்கப்பட்டதால், இத்தனை வீடுகள் சிதைந்தது எப்படி என்ற கேள்வி உடனே எழுந்தது. இடிபாடுகளை ஆராய்ந்த பொறியாளர்கள் விடையைக் கூரையில் கண்டனர். சாய்கூரையைத் தாங்கும் முக்கோண மரச்சட்டங்களின் மேல் ஒட்டுப்பலகையைப் பரப்பி, அதன் மேல் தார் பூசிய மெல்லிய ஓடுகளான 'ஷிங்கிள்'களை வரிசையாகப் பதிப்பது அங்குள்ள வழக்கம். பல வீடுகளில் ஒட்டுப்பலகை ஆணிகளுக்குப் பதிலாக ஸ்டேபிள் கம்பிகளால் பிணைக்கப்பட்டிருந்தது. அக்கம்பிகளிலும் பல, சட்டத்தில் இறங்காமல் பக்கத்து வெற்றிடத்தில் இறங்கியிருந்தன. பலகை பறந்ததும் மழை உள்ளே புகுந்தது, சாய்கூரையின் முகப்பு முக்கோணங்கள் பிடிமானமின்றிச் சரிந்தன. விதி ஏட்டில் கடுமையாக இருந்தும், வேகமாகப் பெருகிய குடியிருப்புகளை அதே வேகத்தில் சோதிக்க ஆள் இல்லாததால், மேற்பார்வை பெயரளவில் நின்றுபோயிருந்தது.

ஆண்ட்ரூ புயலின் விளைவாக 1993இல் பேரிடர் மறுகாப்பீட்டு நிதியம் ஒன்று அமைந்தது. காப்பீட்டு நிறுவனங்களே தம் இழப்பின் ஒரு பகுதிக்குக் காப்பீடு செய்துகொள்ளும் ஏற்பாடு இது. 2002 மார்ச் முதல் மாநிலம் முழுமைக்குமான கட்டட விதித்தொகுப்பும் நடைமுறைக்கு வந்தது. சார்லி புயல் 2004இல் தாக்கியபோது, புதிய விதிகளின்படி கட்டப்பட்ட வீடுகள் பழையவற்றைவிடக் குறைவாகவே சேதமுற்றன. கூரையைப் பொறுத்தவரை அத்தொகுப்பு சொன்ன மூன்றாவது விதி எளிமையானது: பன்னிரண்டு மாதங்களுக்குள் ஒரு கூரைப் பகுதியில் 25 விழுக்காட்டுக்கு மேல் செப்பனிட நேர்ந்தால், அப்பகுதி முழுவதையும் இன்றைய விதிக்கேற்பப் புதிதாகப் போட வேண்டும். ஒட்டுப்போட்ட கூரை அடுத்த புயலில் பறக்கும் என்ற அனுபவ அறிவு இதில் உண்டு. ஆனால் 24 விழுக்காட்டுச் சேதத்துக்கும் 26 விழுக்காட்டுச் சேதத்துக்கும் இடையே, சில நூறு டாலர் வேலைக்கும் பல்லாயிரம் டாலர் புதுக்கூரைக்கும் உள்ள தூரம் வந்துவிட்டது. காற்றில் ஒட்டுவிட்டுத் தூக்கிய ஓடுகள் எத்தனை என்று எண்ணுவதே தகராறின் மையமாயிற்று.

2005 அக்டோபரில் வில்மா புயல் கடந்த பின் ஏறத்தாழ பதினோரு ஆண்டுகள் புளோரிடாவின் கரையை எந்தச் சூறாவளியும் தொடவில்லை. வழக்குத் தொழில் வளர்ந்தது இந்த அமைதியான ஆண்டுகளில்தான் என்பது வியப்புக்குரியது. முதலில் குழாய் உடைந்து வீட்டினுள் தேங்கிய நீரை அகற்றும் நிறுவனங்களும், அடுத்து கூரை ஒப்பந்தக்காரர்களும், செலவின்றிப் புதுக்கூரை என்ற வாக்குறுதியுடன் வீடு வீடாகச் சென்று உரிமை மாற்றப் படிவத்தில் கையெழுத்து வாங்கினர். 1917இன் தீர்ப்பால் கோரிக்கை ஒப்பந்தக்காரருக்குச் சொந்தமாயிற்று; 1893இன் சட்டத்தால், வழக்கில் தோற்றாலும் எதிர்த்தரப்பின் கட்டணத்துக்கு அஞ்ச வேண்டியிராத ஒரு வழக்கறிஞரும் அவருக்குக் கிடைத்தார். உரிமை மாற்றத்தின் பேரில் தொடுக்கப்பட்ட வழக்குகள், மோட்டார் கண்ணாடி முதலிய எல்லா வகைகளும் சேர்த்து, 2006இல் 405 ஆக இருந்தவை 2016இல் 28,000ஐத் தாண்டின. 2017இல் இர்மா புயல் வந்தது. நாட்டின் வீட்டுக் காப்பீட்டுக் கோரிக்கைகளில் சுமார் 8 விழுக்காடே எழுந்த இம்மாநிலத்தில், அத்தகைய வழக்குகளில் சுமார் 76 விழுக்காடு நடந்ததாக மாநிலக் காப்பீட்டு ஆணையர் 2019ஆம் ஆண்டுக்குக் கணக்குக் காட்டினார். மெய்யான சேதத்துக்கும் குறைந்த தொகையை நீட்டிவிட்டுக் காத்திருக்கும் வழக்கம் நிறுவனங்களிடம் இருந்தது என்பதை இந்த எண்கள் சொல்வதில்லை. அதுவும் வழக்குகளுக்கு ஒரு ஊற்றுதான்.

சட்டமன்றம் தயங்கித் தயங்கியே தலையிட்டது. 2019இல் உரிமை மாற்றத்துக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. 2021இல் ஒப்பந்தக்காரர்கள் விளம்பரம் செய்து கூரைக் கோரிக்கை திரட்டத் தடை வந்தது. அதைப் பேச்சுரிமையின் பேரில் கூட்டாட்சி நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. ஆறு காப்பீட்டு நிறுவனங்கள் நொடித்த 2022இல்தான் மூன்று விதிகளின் மேலும் கை வைக்கப்பட்டது. மே மாதத்தில், 2007ஆம் ஆண்டின் விதித்தொகுப்பையோ அதற்குப் பிந்தியதையோ ஒட்டிப் போட்ட கூரைகளுக்கு 25 விழுக்காட்டு விதி தளர்த்தப்பட்டது. டிசம்பரில் வீட்டுக் காப்பீட்டு வழக்குகளுக்கான ஒருதலைக் கட்டணமும், 2023 சனவரி முதல் வழங்கப்படும் பாலிசிகளில் உரிமை மாற்றமும் ஒழிக்கப்பட்டன. 1893இல் தொடங்கிய சட்டப்பிரிவு 2023 மார்ச்சில் முற்றிலும் நீக்கப்பட்டது. 2022 செப்டம்பரில் தாக்கிய இயான் புயலின் கோரிக்கைகளோ இம்மாற்றங்களுக்கு முன் வழங்கப்பட்ட பாலிசிகளின் கீழ் எழுந்தவையாதலால், நீக்கப்பட்ட அந்தச் சட்டத்தின் பயனைக் கோரும் வழக்குகள் அதன் பின்னும் நீதிமன்றங்களில் தொடர்ந்தன.