பரிமாற்றகம் முதலில், கட்டடம் பிறகு: கென்யாவில் நடுநிலைத் தரவு மையங்களின் வளர்ச்சி

நடுநிலைத் தரவு மையத்தில் சர்வர் வைத்திருப்பவர், அங்கே கேபிள் கொண்டுவந்துள்ள எந்தத் தொலைத்தொடர்பு நிறுவனத்திடமும் இணைப்பு வாங்கிக்கொள்ளலாம். கட்டட உரிமையாளர் அந்தத் தேர்வில் தலையிடமாட்டார். 1998-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஈக்வினிக்ஸ் இம்முறையைப் பெருந்தொழிலாக்கியது. வளரும் நாடுகளில் இத்தகைய மையங்கள் பெருகியதற்கு முதலீட்டின் வரவை மட்டும் காரணமாகக் கொள்ள முடியாது. கென்யாவில் கட்டடம் எழுவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே நடுநிலை ஒரு நடைமுறையாக வேரூன்றியிருந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1999-இல் கென்ய அஞ்சல் தொலைத்தொடர்புக் கழகம் பிரிக்கப்பட்டபோது, பன்னாட்டு இணைப்பின் ஏகபோகம் டெல்காம் கென்யாவிடம் சென்றது. நைரோபியில் ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் அதே ஊரில் வேறொரு நிறுவனத்தின் வாடிக்கையாளருக்கு அனுப்பும் மின்னஞ்சலும் செயற்கைக்கோள் வழியே வெளிநாடு போய்த் திரும்பியது. இந்த வீண்செலவைத் தவிர்க்க, இணையச் சேவை நிறுவனங்களின் சங்கமான டெஸ்பாக், 2000-ஆம் ஆண்டின் இறுதியில் கிக்ஸ்பி என்னும் இணையப் பரிமாற்றகத்தைத் தொடங்கியது. தன் ஏகபோகம் மீறப்படுவதாக டெல்காம் முறையிட்டது. தகவல்தொடர்பு ஒழுங்காணையம் சில வாரங்களிலேயே பரிமாற்றகத்தை மூடியது. உள்நாட்டுப் போக்குவரத்தை உறுப்பினர்கள் தமக்குள் மாற்றிக்கொள்வது பன்னாட்டுச் சேவை ஆகாது என்று சங்கம் வாதாடியது. உரிமம் கிடைத்தபின், 2002 பிப்ரவரியில் கிக்ஸ்பி மீண்டும் இயங்கியது.

இந்தத் தகராறின் விளைவு ஓர் உரிமத்தோடு முடியவில்லை. சந்தையில் போட்டியிடும் நிறுவனங்கள், எவருக்கும் தனியுரிமை இல்லாத ஒரே ஸ்விட்சில் இணைந்து, பொது விதிகளின்படி இயங்கப் பழகின. ஆனால் வெளிநாட்டுத் தொடர்பு இன்னும் செயற்கைக்கோளையே நம்பியிருந்தது. 2009-இல் டீம்ஸ், சீகாம் கடலடிக் கேபிள்களும் 2010-இல் ஈசியும் மொம்பாசாவை எட்டியபோது நிலைமை மாறியது. பல கேபிள்களின் திறன் போட்டி விலையில் கிடைக்கவே, எல்லா வலையமைப்புகளும் சந்திக்கக்கூடிய, தடையற்ற மின்சாரமும் குளிரூட்டலும் உள்ள இடத்துக்குத் தேவை எழுந்தது.

2013-இல் நைரோபியில் திறக்கப்பட்ட கிழக்கு ஆப்பிரிக்கத் தரவு மையம் அத்தேவையை நிறைவு செய்தது. இங்கே ஒரு முரண் கவனிக்கத்தக்கது. அதன் உரிமையாளரான லிக்விட் டெலிகாம் குழுமமே கேபிள் வலையமைப்பு நடத்தி வந்தது. ஆயினும் போட்டியாளர்களையும் உள்ளே அனுமதித்தது. கிக்ஸ்பியும் அங்கே ஒரு கிளை அமைத்தது. ஆக, நடுநிலையைத் தீர்மானிப்பதில் உரிமைப் பத்திரத்தைவிட நுழைவு விதிகளுக்கே எடை அதிகம். எந்தத் தொலைத்தொடர்பு நிறுவனத்தையும் சாராத ஐகோலோ, கேபிள்கள் கரையேறும் மொம்பாசாவில் மையம் கட்டியது அடுத்த கட்டம். அது பின்னர் உலகளாவிய டிஜிட்டல் ரியால்டி குழுமத்தின் கீழ் வந்தது.

விளைவுகளை இன்டர்நெட் சொசைட்டியின் இரு ஆய்வுகள் அளந்துள்ளன. 2012 ஆய்வின்படி, 200 முதல் 600 மில்லிவினாடி வரை இருந்த தாமதம் பரிமாற்றகத்தால் 2 முதல் 10 மில்லிவினாடியாகக் குறைந்தது. ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் டாலர் மிச்சமானது. 2020 ஆய்வு வரும்போது கிக்ஸ்பியின் உச்சப் போக்குவரத்து வினாடிக்கு ஏறத்தாழ 1 ஜிகாபிட்டிலிருந்து 19 ஜிகாபிட்டுக்கும், சேமிப்பு 60 லட்சம் டாலருக்கும் உயர்ந்திருந்தன. உள்நாட்டிலேயே கிடைக்கும் போக்குவரத்தின் பங்கு 30 விழுக்காட்டிலிருந்து 70 ஆனது. கூகுள் போன்ற நிறுவனங்கள் தம் உள்ளடக்கத்தின் நகல்களை நாட்டுக்குள் வைத்தது இதற்கு முக்கியக் காரணம்.

பரிமாற்றகம், கேபிள், கட்டடம் என்ற இந்த வரிசை தற்செயலானதன்று. ஏகபோகம் தளராமல் பரிமாற்றகம் நிலைத்திராது. பரிமாற்றகம் இல்லாவிட்டால், வந்து இறங்கும் கேபிள்கள் ஒன்றையொன்று சந்திக்காத தனித்தனி வாயில்களாகவே இருந்திருக்கும். முதலில் தரவு மையம் கட்டிவிட்டு இணைப்பு தானே வரும் என எதிர்பார்க்கும் அரசுகளுக்குக் கென்ய அனுபவம் சொல்வது இதுதான்: போட்டியாளர்கள் சமமாக நுழைய வழிசெய்யும் விதியே முதல் முதலீடு.