மெய்நிகர் தனியார் பிணைய மென்பொருள்: தெரிவின் வரலாறு

மெய்நிகர் தனியார் பிணையம் (வி.பி.என்) என்பது வெளியிலுள்ள கணினிகளைப் பொது இணையத்தின் வழியாகவே ஓர் அலுவலகத்தின் உட்பிணையத்துடன் பாதுகாப்பாக இணைக்கும் முறையாகும். சேவையகம் லினக்ஸிலும் பயனர் கணினிகள் விண்டோஸ், மேக் போன்றவற்றிலும் இயங்கும்போது, இரு முனைகளுக்கும் பொதுவான மென்பொருள் எது என்ற கேள்வி எழுகிறது. நெடுங்காலம் இதைத் தீர்மானித்தது பாதுகாப்பு அன்று. கணினியுடன் சேர்ந்தே வந்தது எது என்பதே.

பி.பி.டி.பி

மைக்ரோசாஃப்டும் வேறு சில நிறுவனங்களும் உருவாக்கிய பி.பி.டி.பி நெறிமுறை, 1996இல் விண்டோஸ் என்.டி 4.0 உடன் வெளிவந்தது. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இருந்தாலே இணையலாம் என்பதால் விரைந்து பரவியது. லினக்ஸ் சேவையகங்களுக்குப் பாப்டாப் என்ற திறமூல மென்பொருள் கிடைத்தது.

1998இல் புரூஸ் ஷ்னையரும் மட்ஜும் மைக்ரோசாஃப்ட் செயலாக்கத்தின் கடுமையான குறைகளை வெளிப்படுத்தினர். அடையாளச் சரிபார்ப்பு முறை திருத்தப்பட்டது. ஆனால் அத்திருத்தத்தை உடைப்பதும் ஒரேயொரு 56 பிட் டெஸ் திறவுகோலைக் கண்டுபிடிப்பதற்குச் சமமே என்று 2012இல் மாக்ஸி மார்லின்ஸ்பைக் காட்டினார். ஆப்பிள் தன் இயங்குதளங்களிலிருந்து இந்நெறிமுறையை நீக்கியது 2016இல்தான். முதல் எச்சரிக்கைக்குப் பின் 18 ஆண்டுகள் கடந்திருந்தன.

எல்2டி.பி, ஐபிசெக்

1999இல் வரையறுக்கப்பட்ட எல்2டி.பி தானாக மறையாக்கம் செய்வதில்லை. அப்பணிக்கு ஐபிசெக் துணை தேவைப்பட்டது. இவ்விணை வலுவானது. எனினும் அமைப்பது கடினம். முகவரி மாற்றம் செய்யும் வீட்டுத் திசைவிகளைக் கடப்பதிலும் தொடக்கத்தில் சிக்கல் இருந்தது. இதற்கான தீர்வு 2005இல் தரப்படுத்தப்பட்டது.

ஓப்பன்வி.பி.என்

ஜேம்ஸ் யோனன் 2001இல் ஓப்பன்வி.பி.என் மென்பொருளை வெளியிட்டார். இது இயங்குதளக் கருனியை மாற்றாமல் சாதாரண நிரலாக இயங்கியது, ஒரே யு.டி.பி துறை போதுமானது. அதனால் லினக்ஸ், விண்டோஸ், மேக் ஆகிய மூன்றிலும் ஒரே மென்பொருளைப் பயன்படுத்த முடிந்தது. ஒவ்வொரு கணினியிலும் அதைத் தனியே நிறுவி, சான்றிதழ் வழங்க வேண்டியிருந்ததே இதற்குரிய விலை.

வயர்கார்டு

ஜேசன் டோனன்ஃபெல்டு உருவாக்கிய வயர்கார்டு, மார்ச் 2020இல் லினக்ஸ் கருனியின் 5.6 பதிப்பில் சேர்ந்தது. அதன் கருனி நிரல் ஏறத்தாழ 4,000 வரிகளே என்பதால் சரிபார்ப்பது எளிது. மறையாக்க முறைகளைத் தெரிவு செய்யும் வசதி வேண்டுமென்றே தவிர்க்கப்பட்டுள்ளது. எனவே பலவீனமான முறையைத் தவறுதலாகத் தேர்ந்தெடுக்க வழியில்லை. ஆனால் பயனர் பெயர், கடவுச்சொல் வழி நுழைவு இதில் இல்லை; திறவுகோல்களை நிர்வாகியே பகிர வேண்டும்.

எளிமையும் பாதுகாப்பும் ஒன்றையொன்று விலக்க வேண்டியதில்லை என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. முன்பே நிறுவப்பட்டது என்பது ஒரு வசதி மட்டுமே; அது நம்பகத்தன்மைக்குச் சான்றாகாது.