ஒரு பைக்குள் அடங்கும் கணினி: குறைந்த செலவில் திட்டமிட்ட கதை

2009 இல் முள்ளிவாய்க்காலில் இருந்து வெளியே வந்தபோது அம்மாவின் கையில் ஒரு பொலித்தீன் பை இருந்தது. பிறப்புச் சான்றிதழ்கள், காணி அனுமதிப்பத்திரம், அண்ணாவின் இரண்டு படங்கள், அவ்வளவுதான். அண்ணாவைத் தேடத் தொடங்கிய பிறகு சேர்ந்த தாள்கள்தான் அதிகம்: செஞ்சிலுவைச் சங்கத்தில் பதிந்த துண்டு, பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, ஆணைக்குழுக்களுக்கு எழுதிய கடிதங்கள். போன மாரியில் கூரை ஒழுகி ஒரு கோப்பின் ஓரம் நனைந்தது. அன்றைக்கே எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி வைப்பது என்று முடிவெடுத்தோம். மகளின் உயர்தரப் படிப்புக்கும் அதுவே உதவ வேண்டும். கையில் இருந்தது ஒரு இலட்சம் ரூபாவுக்குச் சற்றுக் குறைவு.

சிறிய கணினி வேண்டும் என்பதற்கு எங்களுக்கு இரண்டு காரணங்கள். கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். வெள்ளமோ வேறு எதுவோ வந்தால் ஒருவர் தூக்கிக்கொண்டு போகக்கூடியதாக இருக்க வேண்டும். மடிக்கணினி வாங்கலாமே என்று பலர் கேட்டார்கள். எங்கள் பணத்துக்குக் கிடைத்தவை பற்றரி செத்த பழையவை. திரையோ விசைப்பலகையோ பழுதானால் திருத்துகிற செலவில் பாதிக் கணினி வாங்கலாம்.

முதலில் புதிதாகவே பொருத்தலாம் என்று கணக்குப் போட்டோம். சிறிய கணினிக்கென்று வருகிற மதர்போட் மினி ஐ.ரி.எக்ஸ். எனப்படும். 17 சென்ரிமீற்றர் சதுரம். பலரும் அறியாத விடயம், அளவு சிறுத்தால் விலை கூடும் என்பது. அதே வேலையைச் செய்கிற பெரிய மதர்போட்டும் பெரிய பெட்டியும் மலிவு. சிறிய பெட்டிக்கு ஏற்ற பவர் சப்ளையும் தனி ரகம், அதற்கும் தனி விலை. 2022 இல் ரூபா விழுந்த பிறகு இறக்குமதிப் பொருள்கள் ஏறிய ஏற்றத்தில் அந்தக் கணக்கை மூடி வைத்தோம்.

இடைப்பட்ட வழி ஒன்று உண்டு. ஏஸ்ரொக் டெஸ்க்மினி எக்ஸ்300 என்ற வெறும் பெட்டி, மதர்போட்டோடும் மடிக்கணினிக்கு வருவது போன்ற அடப்ரரோடும் வருகிறது. கொள்ளளவு இரண்டு லீற்றருக்கும் குறைவு. புரொசசர், றாம், எஸ்.எஸ்.டி. மூன்றையும் நாங்கள் வாங்கிப் பொருத்த வேண்டும். ரைசன் 5 5600ஜி போட்டால் ஆறு கோர், தனிக் கிராபிக்ஸ் அட்டை தேவையில்லை. பெயரின் கடைசியில் ‘ஜி’ இருக்கிறதா என்று பாருங்கள். இன்ரெலில் ‘எஃப்’ என்று முடிகிற புரொசசர்கள் விலை குறைவாக இருக்கும். ஆனால் அவற்றில் கிராபிக்ஸ் இல்லை. தனி அட்டை போடாவிட்டால் திரையில் ஒன்றும் வராது.

இதே பெட்டியை வாங்கிய என் மருமகன் இன்னொரு பாடமும் படித்தான். அதற்குள் 46 மில்லிமீற்றர் உயரமான விசிறிதான் அடங்கும். புரொசசரோடு இலவசமாக வந்த விசிறி 54 மில்லிமீற்றர். மூடி மூடவில்லை. ஒரு மாதம் மூடியில்லாமல் ஓட்டினான், பல்லி ஒன்று உள்ளே குடிபுகும் வரைக்கும்.

நாங்கள் கடைசியில் எடுத்தது பழைய அலுவலகக் கணினி. வெளிநாட்டு நிறுவனங்கள் கழித்துவிட்டவை கொழும்பு வழியாக யாழ்ப்பாணத்துக்கும் வருகின்றன. டெல் ஒப்ரிபிளெக்ஸ் 3060 மைக்ரோ, எச்.பி. எலைற்டெஸ்க் 800 ஜி4 மினி, லெனோவோ திங்சென்ரர் எம்720கியூ ரைனி ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஒரே அளவு, ஒரு லீற்றரைச் சுற்றி வரும். விளம்பரத்தில் ‘எஸ்.எஃப்.எஃப்.’ என்று மட்டும் இருந்தால் அது பல மடங்கு பெரிய பெட்டி, ஏமாற வேண்டாம்.

இங்கே ஒரு எண்ணைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஐ5-8500ரி என்றால் எட்டாம் தலைமுறை. இன்ரெலில் அதற்கு முந்தையவற்றில், மிகச் சிலவற்றைத் தவிர, விண்டோஸ் 11 முறையாக ஏறாது. விண்டோஸ் 10 க்கான இலவச ஆதரவோ 2025 ஒக்ரோபர் 14 உடன் முடிந்துவிட்டது. ஏழாம் தலைமுறைக் கணினி இப்போது மலிவாகக் கொட்டிக் கிடப்பதற்கு அதுதான் காரணம். லினக்ஸ் மின்ற் போட்டு ஓட்டத் தெரிந்தவர்கள் தாராளமாக வாங்கலாம்.

கடையில் காசு கொடுக்கும் முன் கணினியைப் போட்டுப் பாருங்கள். பயோஸ் பகுதிக்குள் போக முடியவேண்டும். பழைய நிறுவனத்தின் கடவுச்சொல் பூட்டு இருந்தால் வாங்க வேண்டாம். அடப்ரர் அந்த நிறுவனத்தினுடையதா என்று பாருங்கள். டெல் கணினி அந்நிய அடப்ரரை அடையாளம் காணாவிட்டால் புரொசசரின் வேகத்தைத் தானே குறைத்துவிடும். றாம் 16 ஜி.பி. என்றால் ஒரே துண்டாக இருப்பதைவிட இரண்டு எட்டாக இருப்பது நல்லது, படம் ஓடும்போது வித்தியாசம் தெரியும். 2025 கடைசியில் றாம் விலை உலகெங்கும் ஏறியதால், றாமோடு வருகிற பழைய கணினி இன்னும் இலாபம்.

மின்சாரக் கணக்குத்தான் எனக்கு மிகவும் பிடித்தது. பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு வட் கணக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சிறிய யு.பி.எஸ். ஒன்றுக்குள் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ற், 7 அம்பியர் மணி பற்றரி, அதாவது 84 வட் மணி. இழப்புப் போக முழுவதும் கையில் வராது. எங்கள் கணினியும் திரையும் சேர்ந்து எழுத்து வேலைக்கு 40 வட் அளவில்தான் எடுக்கின்றன. பற்றரி புதிதாக இருக்கும்வரை ஒரு மணி நேரத்துக்குக் கிட்ட ஓடும். விளையாட்டுக்குக் கட்டிய பெரிய கணினியென்றால் சில நிமிடம்.

மிச்சம் பிடித்த காசில் ஸ்கேனர் வாங்கவில்லை. கைபேசிக் கமெராவே தாள்களுக்குப் போதும். பழைய படங்களை மட்டும் கடையில் 600 டி.பி.ஐ. அளவில் ஸ்கேன் செய்தோம். அந்தக் காசு இரண்டாவது எஸ்.எஸ்.டி.க்கும் வெளியே செருகும் வன்தட்டு ஒன்றுக்கும் போனது. இந்த ரகப் பெட்டிகளில் எம்.2 ஒன்றும் 2.5 அங்குலம் ஒன்றுமாக இரண்டு தட்டுகள் போடலாம். ஒன்றில் விண்டோஸ், மற்றதில் கோப்புகள்.

இந்தத் தாள்களில் சாட்சியங்களும் பெயர்களும் இருக்கின்றன. கணினி யார் கைக்குப் போனாலும் திறக்கக்கூடாது என்பதால் வெராகிரிப்ற் என்ற இலவச மென்பொருளால் பூட்டியிருக்கிறோம். கடவுச்சொல் மறந்தால் எவராலும் மீட்க முடியாது. அதனால் அதை அம்மா தேவாரப் புத்தகத்தின் பின்னட்டைக்குள் எழுதி வைத்திருக்கிறா. வன்தட்டு சித்தி வீட்டில், வேறு ஊரில் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பஸ்ஸில் கொண்டுவந்து புதியவற்றை ஏற்றிக்கொண்டு திரும்பவும் கொடுத்துவிடுகிறோம்.